அவசரம் லேது

அக்காவின் மாவு மிஷினுக்குக் கரெண்டு வராமல் போனதற்கு ஒரே ஒரு வார்த்தைதான் காரணம் என்று சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. அப்போது நானே நம்பவில்லை. லைன் இன்ஸ்பெக்டர் லஞ்சம் வாங்கிக்கொண்டு, எங்களுக்கு வந்த டிரான்ஸ்ஃபார்மரை மாந்தோப்புக்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார் என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எனக்கு வாய் நீளம். எங்கள் நைனா இருந்தவரை, "இவ வாயில சனி குந்திக்கினு கீது" என்பார். இருக்கட்டும். அந்த வாய் இல்லாவிட்டால் நாங்கள் திருப்பதி வரைக்கும் போயிருக்கவே மாட்டோம்.

அக்கா குவைத்தில் வீட்டு வேலை செய்தவள். அந்த வருடங்களில் எங்கள் பக்கத்திலிருந்து யார்தான் வெளியே போகவில்லை? ஆண்கள் மெட்ராசுக்கும் தடாப் பக்கம் புதிதாக முளைத்த கம்பெனிகளுக்கும் போனார்கள். பெண்களில் தைரியசாலிகள் கடல் தாண்டிப் போனார்கள். அக்காவின் வீட்டுக்காரர் கோயம்பேட்டில் மூட்டை தூக்கப் போய், அங்கேயே இன்னொரு குடித்தனத்தையும் ஏற்படுத்திக்கொண்டுவிட்டார். அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை. அக்கா தன் மூன்று வயதுப் பெண்ணை என் மடியில் உட்கார வைத்துவிட்டு விமானம் ஏறினாள்.

நான் ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். எனக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பெண் என்னைத்தான் அம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தாள். பெற்றவளுக்கு அவள் வைத்த பெயர் 'குவைத்தம்மா'. போன் வந்தால் ஓடிப்போய் எடுத்து, "குவைத்தம்மா, எப்ப பொட்டி அனுப்புவ?" என்று கத்துவாள். அந்தப் பக்கம் அக்கா சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டால் நான் போனைப் பிடுங்கிப் பேச்சை மாற்றிவிடுவேன். பெண் என்னை அம்மா என்று கூப்பிடுவதில் எனக்கு சந்தோஷம் இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். சந்தோஷம்தான். அதனால்தான் பேச்சை மாற்றினேன்.

பெண் எட்டாவது படிக்கும்போது அக்கா ஒரேயடியாகத் திரும்பி வந்தாள். "இனிமே போவ மாட்டேன்டி. அவ கல்யாணம் பண்ணிக்கினு போறதுக்குள்ள நாலு நாளாவது அவளுக்கு நான் சோறு போட்டுப் பாக்கணும்" என்றாள். எங்கள் குடும்பத்துக்கு நின்று பேச ஒரு சென்ட் நிலம் இருந்ததில்லை. நைனா காலமெல்லாம் அடுத்தவர் கழனியில் குனிந்தவர். அக்கா எங்கள் ஊர் ரோட்டோரமாக ஒரு துண்டு நிலம் வாங்கினாள். பின்னால் வீடு, முன்னால் ஷெட். களிக்குக் கேழ்வரகு அரைக்க வேண்டுமென்றால்கூட எங்கள் ஊர்ப் பெண்கள் தூக்கை எடுத்துக்கொண்டு நகரிக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் மாவு மிஷின் போடும் யோசனை அவளுக்கு வந்தது. குவைத்தில் சேர்த்தது அத்தனையும் அந்த ஷெட்டுக்குள் போய்விட்டது. மிச்சம் என்று ஒன்றும் இல்லை.

மாவு மிஷினுக்கு வீட்டுக் கரெண்டு போதாது. த்ரீ ஃபேஸ் வேண்டும். எங்கள் ஊர்க் கம்பியில் அந்தப் பாரம் தாங்காது, புதிதாக டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால்தான் முடியும் என்றார்கள். கரெண்டு போர்டைக் கலைத்து, லைசென்ஸ் வாங்கிக் கரெண்டு விற்கிற கம்பெனிகளாகப் பிரித்திருந்த காலம் அது. எங்களுக்கு அதெல்லாம் என்ன தெரியும்? போர்டு பெயர் மாறினாலும் எங்களுக்கு அது கரெண்டு ஆபீஸ்தான். அக்கா மனு கொடுத்தாள், கட்ட வேண்டியதைக் கட்டினாள், காத்திருந்தாள்.

ஒரு நாள் லைன் இன்ஸ்பெக்டர் பைக்கில் வந்தார். பலமனேர்ப் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த மனிதர், நெற்றியில் சந்தனம், பேச்சு முழுவதும் தெலுங்கு. நான் அன்றைக்கு அங்கே இல்லை. அக்கா சொல்லித்தான் தெரியும். டிரான்ஸ்ஃபார்மர் வந்துவிட்டது, இந்த வாரமே வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார். அக்கா அவருக்கு மோர் கொடுத்து உட்கார வைத்து, அவருக்கு வேறு வேலை இருந்தால் முதலில் அதைப் பார்க்கட்டும் என்கிற மரியாதையோடு, தனக்குத் தெரிந்த தெலுங்கில் பதில் சொல்லியிருக்கிறாள்.

"இப்புடு அவசரம் லேது சார்."

லேது என்றால் இல்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அக்கா அப்படிச் சொன்னதற்குக் காரணம் ஆடி மாதம். ஆடியில் எங்கள் ஜனங்கள் புதிதாக ஒரு அம்மிக்கல்கூட வாங்க மாட்டார்கள். கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி எடுப்பார்கள், கூழ் ஊற்றுவார்கள், அவ்வளவுதான். தெலுங்குக்காரர்களுக்கும் ஆஷாடம் ஆகாத மாதம்தான். ஆனால் அவர்களுடைய மாதம் அமாவாசையோடு முடிந்துவிடும். அதற்கு அடுத்த நாளே சிராவணம், கல்யாணமும் கிருகப்பிரவேசமும் அமர்க்களப்படும். எங்கள் ஆடி மட்டும் ஆவணி பிறக்கும் வரை முரண்டு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பாவம், அந்த மனிதர் நல்ல மாதம் பிறந்துவிட்டதென்று நினைத்துத்தான் வந்திருப்பார். அக்காவுக்கு ஆடி இன்னும் முடியவில்லை. அதை ஒரு ஆபீசரிடம் வாய்விட்டுச் சொல்ல வெட்கம்.

ஆவணி பிறந்தது. முதல் வெள்ளிக்கிழமை அக்கா மிஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டு, பூ வைத்துக்கொண்டு கரெண்டு ஆபீசுக்குப் போனாள். அங்கே, உங்கள் மனு ரத்தாகிவிட்டதே என்றார்கள். நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள்? அந்த டிரான்ஸ்ஃபார்மர் பட்டியலில் அடுத்து இருந்தவருக்குப் போய்விட்டது. வேண்டுமானால் புதிதாக மனு கொடுங்கள், வரிசையில் கடைசியில் நில்லுங்கள்.

அடுத்து இருந்தவர் எங்கள் ஊர் மாந்தோப்புக்காரர். ஷெட்டிலிருந்து பார்த்தால் அவருடைய தோப்பு நேராகத் தெரியும். அங்கே புத்தம்புது டிரான்ஸ்ஃபார்மர் நின்றுகொண்டு 'உம்' என்று சத்தம் போட்டது. காலையில் அக்கா வாசல் பெருக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டுதான் பெருக்குவாள்.

நான் கடையைச் சாத்திவிட்டு ஆபீசுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் இருந்தார். வாய்க்கு வந்தபடி கேட்டேன். ஏழைப் பொம்பளை என்றால் இளக்காரமா, தோப்புக்காரன் வீட்டு மாம்பழம் அவ்வளவு இனிக்குமா என்றெல்லாம் கேட்டேன். எல்லாம் தெலுங்கில்தான். நான் ஐந்தாவதுக்குப் பிறகு தெலுங்கு மீடியத்தில் படித்தவள், திட்டுவதற்கு எனக்கு அந்தப் பாஷை வசதியாக இருக்கும். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"மீரே அவசரம் லேதன்னாரு கதம்மா" என்று திரும்பத் திரும்ப ஒரே பாட்டு. நீங்களே தேவையில்லை என்றீர்களே என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்து அக்காவைப் பிடித்தேன். "நீ வேணாம்னு சொன்னியாக்கா?"

"நான் ஏன்டி வேணாம்னு சொல்லப் போறேன்? இதுக்குத்தான அங்க இத்தினி வருசம் பாத்திரம் தேச்சேன்? அப்பிடி ஒரு வார்த்த என் வாயில வரவே இல்ல" என்று அழுதாள்.

அப்புறம் எனக்கு என்ன சந்தேகம்? அந்த ஆள் புளுகுகிறான், தோப்புக்காரனிடம் வாங்கிவிட்டான், கதை முடிந்தது. நான் அவரைத் திட்டியது தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் யார் இருந்தாலும் திட்டத்தான் திட்டுவார்கள்.

ஊர்ப் பெரிய மனிதர்கள் வந்து, ஏதாவது பார்த்துக் கொடுத்தால் வேலை நடக்கும் என்றார்கள். புத்தூர் கோர்ட்டில் கேஸ் போடு என்றார் ஒருவர். அவருடைய பங்காளி வழக்கே அப்போது அங்கே மூன்றாவது ஜட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தது. இதற்கு நடுவில் புத்தூரில் ஆபீஸ் வைத்திருந்த குவைத் ஏஜெண்ட் வேறு வந்து நின்றார். அக்காவை முதல் தடவை அனுப்பி வைத்தவர் அவர்தான். பழைய மேடம் அக்காவையே கேட்கிறாளாம், விசா எடுக்கிறேன் என்கிறாளாம். கார்த்திகைக்குள் பதில் சொன்னால் போதும் என்றார். அக்கா உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

"இன்னாக்கா பண்ற நீ?" என்று நான் குதித்தேன்.

"மிஷின் ஓடலேன்னா இன்னாத்த துன்றது? அவள எத வெச்சுப் படிக்க வெக்கறது? நீ சொல்லு" என்றாள். அக்காவின் பெண் வாசற்படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. அக்கா வந்து வருடம் ஒன்று ஆகியும் அவள் 'குவைத்தம்மா' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பொம்பளை திரும்பப் போய்விடுவாள் என்று அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம் இருந்திருக்க வேண்டும்.

பிறகும் நான் ஆபீசுக்கு நடையாக நடந்தேன். காத்திருக்கும் நேரத்தில் சுவரில் இருப்பதையெல்லாம் படிப்பேன். சாமி காலண்டர், ஷாக் அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்கிற படம், அதற்குப் பக்கத்தில் ஒட்டடை பிடித்த ஒரு போர்டு. கரெண்டு கம்பெனி மேல் குறை இருந்தால் திருப்பதியில் அதற்கென்று ஒரு மன்றம் இருக்கிறது, அங்கே சொல்லலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. லைசென்ஸ் கொடுக்கும்போதே இப்படி ஒரு மன்றம் வைத்தாக வேண்டும் என்று அந்தக் கம்பெனிகளுக்கு விதியாம். எத்தனை பேர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பீடி குடித்துவிட்டுப் போயிருப்பார்கள்! ஒருவர்கூட அதைப் படித்து எழுந்து போனதாகத் தெரியவில்லை. நான் அங்கேயே ஒரு பேனா இரவல் வாங்கி விலாசத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

மனு எழுதி அனுப்பினோம். இன்ன தேதிக்கு வாருங்கள், கம்பெனி ஆட்களையும் கூப்பிட்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. பஸ்ஸில் எதிர்வீட்டுக்காரி இருந்தாள். "ரெண்டு பேரும் ஜோடியா திருப்பதிக்கா? மொட்டையா?" என்றாள்.

"கரெண்டு வரலேன்னா அதையும் போட்டுக்க வேண்டியதுதான்" என்றாள் அக்கா. வெகு நாளைக்குப் பிறகு அவள் அன்றைக்குத்தான் வேடிக்கையாகப் பேசினாள்.

மன்றம் என்றால் நான் கூண்டு, கறுப்புக் கோட்டு, டவாலி என்றெல்லாம் நினைத்திருந்தேன். அதுவும் ஒரு கரெண்டு ஆபீஸ் மாடிதான். நீள மேஜை, அதற்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் ரிட்டையரான பெரிய அதிகாரி, நரைத்த தலை, வெற்றிலை போட்ட வாய். ஒரு பக்கம் கணக்கு அதிகாரி. இன்னொரு பக்கம் ஜனங்களுக்காகப் பேச என்று போட்டிருந்த ஒரு அம்மாள். எதிரில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒரு பக்கம் நாங்கள், மறு பக்கம் எங்கள் ஊர்க் கரெண்டு ஆபீஸ் இன்ஜினியரான ஏ.இ.யும் அந்த இன்ஸ்பெக்டரும். எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே டீ வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. எதிராளிக்கும் நமக்கும் ஒரே தட்டில் டீ கொடுத்தால் என்ன நியாயம் கிடைக்கப் போகிறது என்று நினைத்தேன்.

என் முறை வந்ததும் எழுந்து நின்று, மண்டலமே கேட்கிற மாதிரி ஆரம்பித்தேன். நடுவில் இருந்தவர் கையைக் காட்டினார்.

"இதி கோர்ட்டு காதம்மா, கூர்ச்சோண்டி."

கோர்ட் இல்லை, உட்காருங்கள் என்றார். உட்கார்ந்துகொண்டு எனக்குச் சண்டை போட வராது. இருந்தாலும் உட்கார்ந்தேன். அவர் இன்ஸ்பெக்டரைக் கேட்டார். இன்ஸ்பெக்டர் அதே பாட்டைப் பாடினார்: நான் வீடு தேடிப் போனேன், இப்போது தேவையில்லை என்று அந்த அம்மாவே சொன்னார்கள், மோர்கூடக் கொடுத்தார்கள், நல்ல மோர்.

அப்புறம் அக்காவைக் கேட்டார்கள். "நீங்கள் அப்படிச் சொன்னீர்களா? அவசரம் லேது என்று?"

அக்கா பளிச்சென்று, "செப்பானு சார்" என்றாள். சொன்னேன் என்கிறாள்!

இத்தனை நாள் நான் ஊர் ஊராக மல்லுக்கு நின்றது எதற்கு? மேஜைக்குப் பின்னால் இருந்தவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஏ.இ. முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. நான் அந்த இடத்திலேயே அக்காவின் கையைக் கிள்ளி, தமிழில் பிடித்துக்கொண்டேன். "இன்னாக்கா நீ? வேணாம்னு சொல்லவே இல்லேன்னு எங்கிட்ட அழுத. இங்க வந்து சொன்னேன்னு ஒத்துக்கற? பைத்தியமா உனுக்கு?"

அக்காவுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "நீதான்டி பைத்தியம். வேணாம்னா சொன்னேன்? அவசரம் இல்லேன்னு சொன்னேன். ஆடி போவட்டும், மெதுவா போட்டாப் போதும்னு சொன்னேன். ஒருத்தர் வூடு தேடி வந்தா, ஒடனே போடு ஒடனே போடுன்னு பறக்கச் சொல்றியா?"

எதிர் நாற்காலியில் இன்ஸ்பெக்டர் சட்டென்று நிமிர்ந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மீரு அரவவாள்ளா?"

தமிழ்க்காரர்களா என்று கேட்கிறார். தமிழுக்கு அங்கே அரவம் என்று பெயர். நான் அவரைத் தெலுங்கில் திட்டியிருந்தேன், அக்கா அவருக்குத் தெலுங்கில் மோர் கொடுத்திருந்தாள். புதிதாக வந்த மனிதருக்கு நாங்கள் யார் என்று தெரிய வழியே இல்லை. ஆமாம், அதற்கென்ன இப்போது என்றேன் நான். அவர் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார்.

அவசரம் என்றால் தமிழில் என்ன என்று உங்களுக்குத் தெரியும். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. அவசரம் லேது என்றால் தேவையில்லை, வேண்டாம். நம்முடைய அவசரத்துக்குத் தெலுங்கில் 'தொந்தர' என்று பெயர். அக்கா ஐந்தாவதோடு நின்றவள், அதுவும் தமிழ்ப் பள்ளிக்கூடம். காதால் பிடித்த தெலுங்குதான் அவளுடையது. 'தொந்தர' என்ற வார்த்தை அவள் காதில் தொந்தரவு மாதிரி விழுந்திருக்கும். ஆபீசர் முகத்தைப் பார்த்துத் தொந்தரவு என்று சொல்வாளா? எனக்கு இரண்டு அவசரமும் தெரியும். ஆனால் தெலுங்கில் கேட்டால் தெலுங்கு அர்த்தம், தமிழில் கேட்டால் தமிழ் அர்த்தம் என்று என் மண்டைக்குள் அவை தனித்தனி டப்பாவில் இருந்தன. ஆபீசில் ஒரு டப்பாவைத் திறந்தேன், வீட்டில் இன்னொன்றைத் திறந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

இன்ஸ்பெக்டர் இப்போது தமிழிலேயே பேச ஆரம்பித்துவிட்டார், கொச்சையும் தெலுங்குமாக. "என் பொண்டாட்டி ஊரு திருத்தணிம்மா. கல்யாணம் ஆன புதுசுல மாமியார் வூட்டுல வடை வெச்சாங்க. எனுக்கு வயிறு ரொம்பிப்போச்சி. 'அவசரம் லேதத்தா'ன்னேன். வேணாம்னு அர்த்தம். அவங்க, 'அவசரமே இல்ல மாப்ள, மெதுவா துன்னுங்க'ன்னு தட்டப் புடிச்சிக்கினு பக்கத்துலயே நின்னுட்டாங்க. நான் துன்னு முடிக்கற வரைக்கும் நகரவே இல்ல. அப்பிடி அனுபவப்பட்டவன், ஒங்க வூட்ல கோட்ட வுட்டுட்டேனே!"

மாடியே சிரித்தது. கணக்கு அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்காகூடச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. வடையில் அவருக்குப் போனது ஒரு சாயங்காலம். எங்களுக்குப் போனது ஒரு டிரான்ஸ்ஃபார்மர்.

ஜனங்கள் பக்கம் பேசுகிற அம்மாள்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினார். யார் என்ன அர்த்தத்தில் சொன்னாலும் சரி, ஒருவர் மனுவை வாய்ப்பேச்சை வைத்து ரத்து செய்யலாமா, கையெழுத்து வாங்க வேண்டாமா என்று ஏ.இ.யைக் கேட்டார். ஏ.இ. முகத்து வெளிச்சம் போன இடம் தெரியவில்லை. வாங்கியிருக்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டரே ஒத்துக்கொண்டார். நான் விடவில்லை. இவர்களுக்கு என்ன தண்டனை என்று கேட்டேன்.

நடுவில் இருந்தவர் என்னைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார். "தண்டனை போட்டு எழுதினால் இவர்கள் மேலே போவார்கள், நீங்களும் பின்னாலேயே போக வேண்டும், நாளாகும். ராஜியாகப் போவதென்றால் இன்றைக்கே பேசி முடிக்கலாம். உங்களுக்கு எது வேண்டும்?"

அக்கா எழுந்து நின்றாள். உட்காரச் சொன்னதை மறந்துவிட்டாள். அதுவரை தெலுங்கில் பதில் சொன்னவள், தமிழில் பேசினாள். தெலுங்கில் அதைச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை என்று அப்புறம் என்னிடம் சொன்னாள். "எனுக்குக் கரெண்டு போதும் சார். கரெண்டு வரலேன்னா நான் திரும்பக் குவைத்துக்குப் போவணும். பாஸ்போர்ட்டக் குடுத்துட்டேன். எம்பொண்ணு இன்னும் என்ன அம்மான்னு கூப்பட்ல சார்."

யாரும் அதை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது. அவள் சொன்னது என்னைக் குத்துவதற்கு இல்லை என்று தெரியும். ஆனாலும் குத்தியது.

அதற்குப் பிறகு பேச்சு சுருக்கமாக முடிந்தது. அக்காவின் பழைய மனு பழைய இடத்திலேயே வரிசையில் நிற்கும். எங்கள் பக்கத்துக்கு அடுத்து வருகிற டிரான்ஸ்ஃபார்மர் அவளுக்கு. மறுபடி ஒரு பைசா கட்ட வேண்டாம். எந்த மாதத்துக்குள் என்று ஏ.இ.யையே சொல்லவைத்து எழுதினார்கள். நாங்களும் அவர்களும் கையெழுத்துப் போட்டோம். படி இறங்கும்போது இன்ஸ்பெக்டர் அக்காவிடம், "மோருக்குக் கடன் பட்டிருக்கேன்மா" என்றார். நான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

கரெண்டு வந்தது. தை மாதம், தமிழுக்கும் தெலுங்குக்கும் ஆகிற நாளாக இன்ஸ்பெக்டரே இரண்டு பஞ்சாங்கமும் பார்த்துக் குறித்து வந்தார். முதல் படி பச்சரிசியை மஞ்சளோடு அரைத்தோம். ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது அந்த நாள் இல்லை. அதற்கு முந்தி, கார்த்திகையில் ஏஜெண்ட் வந்த நாள்.

அப்போது கம்பங்கள் மட்டும்தான் நட்டிருந்தார்கள். கம்பி இழுக்கவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் சித்தூர் ஸ்டோரிலிருந்து கிளம்பவே இல்லை என்று கேள்வி. ஷெட்டுக்குள் மிஷின் மேல் அக்காவின் பழைய புடவை ஒன்று போர்த்தியிருந்தது. ஏஜெண்ட் காரை நிறுத்திவிட்டு, சிரித்துக்கொண்டே வந்தார். விசா அடித்தாகிவிட்டது, மேடம் டிக்கெட்டும் அனுப்பிவிட்டாள், துணியை எடுத்து வைம்மா என்றார். இல்லை என்றால் ராயச்சோட்டியில் வேறு ஒருத்தி காத்திருக்கிறாளாம். இதைவிட்டால் இந்த வயதில் இன்னொரு விசா கிடைக்காது என்பதையும் சொன்னார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. என் வாய்க்கு அது பெரிய காரியம். கம்பம் வந்துவிட்டதே, போகாதே அக்கா என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அதே நேரம் இன்னொன்றும் மனதில் ஓடியது. அவள் போனால் பெண் மறுபடி என் வீட்டுக்கு வந்துவிடுவாள். இப்படி இரண்டும் ஓடுகிற மனதை வைத்துக்கொண்டு நான் என்ன புத்தி சொல்வது?

அக்கா கம்பங்களைப் பார்த்தாள். கம்பி இல்லாத கம்பத்தில் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. ஏஜெண்டைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்.

"அவசரம் லேது அண்ணா."

அவர் எங்கள் எல்லைப் பெண்கள் எத்தனையோ பேரை ஏற்றி அனுப்பியவர். எங்கள் தெலுங்கு அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. அக்கா என்ன சொல்கிறாள் என்று புரிந்த மாதிரியே தலையாட்டினார். "அதுக்கென்னம்மா? அவசரம் இல்லேன்னா பொங்கல் முடிச்சிட்டே போ. நான் மேடம்கிட்ட சொல்லிக்கறேன். டிக்கெட்ட மாத்திக்கலாம்."

"இல்ல அண்ணா" என்றாள் அக்கா. "நான் தெலுங்குல சொன்னேன்."

அவர் காருக்குப் போய்ப் பாஸ்போர்ட்டை எடுத்து வந்து கொடுத்துவிட்டு, கரெண்டு வந்தால் சொல்லியனுப்பு, எங்கள் வீட்டு மிளகாயை இங்கேயே அரைத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். கார் திரும்பி ரோட்டில் ஏறியது.

வீட்டுக்குள்ளிருந்து பெண்ணின் குரல் வந்தது. "அம்மா, யாரு வந்துட்டுப் போறது?"

அந்த வார்த்தைக்குப் பதினோரு வருடமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது நான்தான். வாய் தானாகத் திறந்தது. அக்கா பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாயை மூடிக்கொண்டு, மிஷின் மேலிருந்த புடவையை எடுத்து உதறினேன். பெண் மறுபடியும், "அம்மா?" என்றாள்.

"ஏஜெண்டும்மா, போய்ட்டாரு" என்றாள் அக்கா.